பதினாலாயிரத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கர்

கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கினால்கூட அதை உள்ளங்கையில் வைத்து நாலு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விஜிதரன் காசைக் கொடுப்பான். பஸ்ஸில் மிச்சக்காசு சரியாக வந்துவிட்டால் அதிலும் அவனுக்கு ஒரு யோசனை, இந்தக் கண்டக்டர் ஏன் இன்றைக்கு இவ்வளவு யோக்கியமாக நடக்கிறான் என்று. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், ஆட்கள் ஸ்டோர் என்று சொல்கிற இடத்தில், கொழுந்து லொறி வந்து நின்றதும் நிறுத்து எடுப்பது அவன் வேலை. கொழுந்து எடுக்கிற மலையிலிருந்து எழுதியனுப்பிய கணக்கும் அவன் தராசு காட்டுகிற கணக்கும் ஒத்துப்போனால்தான் தாளில் கையெழுத்துப் போடுவான். பதினொரு வருடமாகத் தன் கண்ணைத் தப்பி ஒரு கிலோ போனதில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். மற்றவர்களும் கொஞ்சம் அலுத்துக்கொண்டு அதை ஒத்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதனிடம் ஒரு செவ்வாய்க்கிழமை தனுஷன் வந்து, "பதினாலாயிரம் போதும் அண்ணே" என்று சொன்னால் அவன் எப்படித் தூங்குவான்?

விஜிதரன் நரிப்பாறை யுனைட்டட் உதைபந்தாட்டக் குழுவின் மனேஜர். சம்பளமில்லாத உத்தியோகம், திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். வட்டவளைக்கு மேலே இருக்கிற நரிப்பாறைத் தோட்டத்தோடு சேர்த்துப் பதினொரு குழுக்கள் ஆடுகிற லீக் அது. முன்னெல்லாம் எந்தக் குழு யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. கொழும்பில் கடை வைத்துத் தலையெடுத்த ஆட்கள் ஊர்ப் பெருமைக்காக அள்ளி இறைத்தார்கள். ஒரே குழு நல்ல ஆட்களையெல்லாம் வளைத்துப்போட்டு இரண்டு வருடம் கப்பைக் கொண்டுபோனது. அதோடு மல்லுக்கட்டிய இரண்டு குழுக்கள் இருந்ததையும் தொலைத்துவிட்டுக் கடையைக் கட்டின. அதற்குப் பிறகுதான், இரண்டு மாதத்துக்கு முன்பு, லீக் கமிட்டி சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தது. ஒரு சீசனுக்கு எல்லா வீரர்களுக்குமாகச் சேர்த்து இரண்டு லட்சம் ரூபா, அதற்கு மேல் கூடாது. காசு மட்டுமில்லை, வீரனுக்கோ அவன் வீட்டாருக்கோ வேறு எந்த விதத்தில் ஆதாயம் செய்து கொடுத்தாலும் அதுவும் இந்த இரண்டு லட்சத்துக்குள் வர வேண்டும். பிடிபட்டால் குழு இரண்டு வருடம் வெளியே நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தை எல்லாரும் லிமிட் என்றே சொன்னார்கள்.

லிமிட் வந்ததும் ஒவ்வொரு குழுவும் வீட்டுக்குள்ளேயே பாகப்பிரிவினை செய்கிற நிலைக்கு வந்துவிட்டது. மூன்று கெட்டிக்காரர்களை வைத்துக்கொண்டால் நாலாவது கெட்டிக்காரனுக்கு இடமில்லை. ராகலைக் குழு தனுஷனை விட்டது அப்படித்தான். போன சீசனில் பதினாறு கோல் அடித்தவன், நாற்பத்தையாயிரம் வாங்கியவன். அவனை வைத்துக்கொண்டால் கோல்கீப்பரையும் இன்னொருவனையும் விட வேண்டும் என்று அவர்கள் ரிலீஸ் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இனி அவன் எந்தக் குழுவிலும் சேரலாம். அவனுடைய சொந்த ஊர் நரிப்பாறைதான். தோட்டத்து மேற்பிரிவில், லயத்து வரிசை வீடொன்றில் அவனுடைய அம்மா அம்மாக்கண்ணு இருக்கிறாள், கொழுந்து எடுக்கிறவள்.

நரிப்பாறையின் கதையும் அதேதான். காசு வாங்கி ஆடுகிற ஐந்து பேரை வைத்துக்கொண்டதில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் போய்விட்டது. மிச்சம் பதினாலாயிரம். ஆறு வருடமாக நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்த சுமன் பதினெட்டாயிரம் கேட்டான். நியாயமான கேள்விதான். நாலாயிரம் ரூபாய்க்காக அவனை அனுப்ப வேண்டியிருந்தது. விஜிதரனிடம் நாலாயிரம் இல்லாமல் இல்லை, கொடுக்கச் சட்டமில்லை. சுமன் தன் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய் வேறு குழுவில் கையெழுத்து வைத்தான். அன்றைக்கு விஜிதரனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது இந்தத் தனுஷன். நாற்பதாயிரம் தருகிறோம் என்று டயகம பக்கத்துக் குழு ஒன்று அவனைக் கூப்பிட்டிருப்பது லீக் முழுக்கத் தெரியும். அதை விட்டுவிட்டு இங்கே பதினாலாயிரத்துக்கு ஏன் வர வேண்டும்? அதிலும் பதினைந்து கேட்கவில்லை, பத்து கேட்கவில்லை. மிச்சமிருப்பது சரியாகப் பதினாலாயிரம் என்பது தோட்டத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் விஜிதரன். இன்னொருவர் குழுவின் தலைவரும் மேற்பிரிவில் கொழுந்து நிறுக்கிறவருமான கணக்கப்பிள்ளை ஜெயகாந்தன்.

வீரர்களைப் பதிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி வரைக்கும்தான் அவகாசம். அதற்குள் இந்த மர்மத்தை அவிழ்த்தாக வேண்டும். தனுஷனை விட்டால் இந்த வருடமும் கப் இல்லை. அவனைச் சேர்த்து, அதற்குள் ஏதாவது கள்ளம் இருந்தால், குழுவே இல்லை.

முதலில் அவனுக்கு முழங்கால் மேல்தான் சந்தேகம் வந்தது. உள்ளுக்குள் காயத்தை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்கள் உண்டு. புதன்கிழமை வேலை முடிந்ததும் தனுஷனைக் கூப்பிட்டு, ஸ்டோரிலிருந்து கோயில் வரைக்கும் போகிற படிகளில் ஏழு தரம் ஏறி இறங்கச் சொன்னான். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஏழு தரம் ஓடிவிட்டு எட்டாவது தரமும் ஓடட்டுமா என்று கேட்டான். விஜிதரனுக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. கேட்டதற்கு மேல் கொடுக்கிற ஆளை அவன் வாழ்க்கையில் நம்பியதில்லை.

அடுத்தது நடத்தை. வியாழக்கிழமை காலையில் ராகலைக் குழுவின் பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்தான். பையன் குடிப்பானா, சண்டைக்காரனா, பந்தயம் கட்டுகிற ஆட்களோடு தொடர்பு உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டான். மறுபக்கம் அந்த மனிதர் அழாத குறையாகப் பேசினார். தங்கமான பையன், லிமிட் மட்டும் இல்லையென்றால் விட்டிருக்கவே மாட்டோம் என்றார். புகழ்ச்சி கூடக்கூட விஜிதரனுக்குச் சந்தேகமும் கூடியது. இவ்வளவு நல்லவனா?

மத்தியானம் ஜெயகாந்தன் ஸ்டோருக்கு வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, பொக்கெட்டில் இரண்டு பேனா. மழையென்றாலும் வெயிலென்றாலும் அவர் உடுப்பில் ஒரு சேற்றுப் பொட்டு இருக்காது. இன்னும் ஏன் பையனிடம் பதிவுப் போர்மில் கையெழுத்து வாங்கவில்லை என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றான் விஜிதரன். வலிய வருகிறவனை விசாரித்து விரட்டாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே தோளில் தட்டிவிட்டுப் போனார். பதினாலாயிரம் என்பதை நீங்கள் சொன்னீர்களா என்று அவரிடம் கேட்க விஜிதரனுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவர் கணக்கப்பிள்ளை, இவன் தொழிலாளி. கேட்காமலே தராசுப் பக்கம் திரும்பிவிட்டான்.

சாயங்காலம் மைதானத்தில் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு தனுஷனை நேராகவே பிடித்தான். அவன் காலுறையைக் கழற்றி அட்டை ஏதாவது கடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது தருகிற இடத்தை விட்டு இங்கே வர உனக்கு என்ன தலையெழுத்து என்று கேட்டான் விஜிதரன்.

தனுஷனுக்குக் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். "அம்மா இப்ப நல்லா கொழுந்து எடுக்குதுங்கண்ணே. முன்னாடி மாதிரி இல்ல. தெனம் முழுப்பேர் விழுது, மேல்கிலோ காசும் வருது. சம்பாதிச்சது போதும், வீட்டுக்கு வந்துருன்னு சொல்லுச்சு. அதான் வந்தேன்."

பதினாலாயிரம் என்ற கணக்கை யார் சொன்னது என்று கேட்டதற்கு, அதுவும் அம்மாதான் சொன்னாள் என்றான். அவ்வளவுதான் இருக்கிறதாம், அதற்கு மேல் கேட்டு அண்ணனைச் சங்கடப்படுத்தாதே என்றாளாம்.

அவன் முகத்தில் கள்ளமில்லை. கள்ளமில்லாத முகத்தைப் பார்க்கிற பழக்கம் விஜிதரனுக்குக் குறைவு என்பதால், அதை அடையாளம் கண்டுகொள்ளவே அவனுக்குப் பாதி வழி நடக்க வேண்டியிருந்தது. மீதி வழியில் இன்னொன்று உறைத்தது. அம்மாக்கண்ணு அக்காவா முழுப்பேர் வாங்குகிறாள்?

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று சொல்வார்கள். நரிப்பாறையில் பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். பதினெட்டுக்கு மேலே எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. அம்மாக்கண்ணுக்கு வயது ஐம்பத்துநாலு, ஒரு முழங்கால் வீங்கிப்போய் இரண்டு வருடமாகிறது. சரிவில் ஏறும்போது மற்றவர்கள் கைகொடுப்பார்கள். அவளுக்குப் பதின்மூன்று கிலோ வந்தால் பெரிய காரியம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி லெட்சுமியிடம் விசாரித்தான். அவளும் மேற்பிரிவில்தான் கொழுந்து எடுக்கிறாள், அம்மாக்கண்ணுக்கு இரண்டு நிரை தள்ளி. லெட்சுமி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு அக்கா எவ்வளவு எடுக்கிறாள் என்று கேட்டதும் அவள் கை நின்றது. புத்தகத்தில் இருபத்தைந்து, இருபத்தாறு என்று விழுகிறது என்றாள். உனக்கு எவ்வளவு என்று கேட்டான். பதினேழு என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அவனைப் பார்த்த பார்வை அவனுக்குப் புரியவில்லை. ஏதோ கோபம் என்று மட்டும் எண்ணிக்கொண்டான்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு அவள் ஒரு தரம் எடை குறைகிறது என்று சொன்னது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. போன சம்பளத்தில் ஒன்பது அரைப்பேர். எப்போதும் பத்தொன்பது கிலோவுக்குக் குறையாமல் எடுக்கிறவள் அவள். மலையில் எழுதுகிற கணக்கும் ஸ்டோர்க் கணக்கும் ஒரு கிலோ பிசகாமல் சரியாக இருக்கிறது, உன் கைதான் மெத்தனமாகிவிட்டது என்று அன்றைக்கு அவன் பெரிய நியாயஸ்தன் போலப் பதில் சொல்லியிருந்தான். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லொறியோடு அவனும் மேற்பிரிவுக்கு ஏறினான். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தின் தூணோரம், ஆட்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டான். ஒரு நாளில் இரண்டு தரம் நிறுப்பார்கள், இது மத்தியான நிறுவை. தராசு எலக்ட்ரோனிக் தராசு. எண் தெரிகிற பக்கம் ஜெயகாந்தனைப் பார்த்து இருந்தது. சாக்கு வைக்கிறவளுக்கு அவர் வாயில் வருகிறதுதான் எடை.

லெட்சுமியின் சாக்கு வாய்வரைக்கும் நிரம்பியிருந்தது. அவளும் பக்கத்தில் நின்றவளுமாகச் சேர்ந்துதான் அதைத் தராசில் தூக்கி வைத்தார்கள். "ஏழு" என்றார் ஜெயகாந்தன். லெட்சுமி நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர், எல்லாருக்கும் ஏழு, ஆறரை, ஏழு. அம்மாக்கண்ணு வந்தாள். பாதிகூட நிரம்பாத சாக்கு, அதை ஒற்றைக்கையால் வைத்தாள். "பதினொண்ணு" என்றார். அம்மாக்கண்ணு தலையை நிமிர்த்தவே இல்லை.

விஜிதரனுக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. எட்டுப் பேரிடம் நாளொன்றுக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ எடுத்து ஒருத்தியின் பேரில் ஏற்றினால் மொத்தம் மாறாது. மொத்தம் மாறாதவரைக்கும் ஸ்டோரில் இருக்கிற பெரிய சந்தேகக்காரன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவான். இரண்டு மாதமாகப் போட்டிருக்கிறான். பதினெட்டு, பத்தொன்பது எடுத்த பெண்கள் பதினேழுக்கு இறங்கி அரைப்பேர் வாங்கினார்கள். அம்மாக்கண்ணுக்குக் கிடைத்ததைவிட அவர்களுக்குப் போனது பல மடங்கு. அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

ஆட்கள் மலைக்குத் திரும்பிய பிறகு மடுவத்துக்குப் பின்னால் ஜெயகாந்தனை மறித்தான். அவர் மறுக்கக்கூட இல்லை. லிமிட் அறிவித்த வாரமே ராகலைக்காரர்கள் பையனை விடுவார்கள் என்று கணக்குப் போட்டு, அம்மாக்கண்ணுவிடம் பேசி வைத்துவிட்டாராம். மகனைக் கூப்பிட்டுக்கொள், உன் பேரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

"எப்படியாவது ஒரு ஸ்ட்ரைக்கர பாருங்கன்னு நீங்கதானே கேட்டீங்க?" என்றார். "எப்படின்னு கேட்டீங்களா? இல்லையே. கழகத்துக் காசு ஒரு சதம் தொடல. லிமிட்டுக்குள்ளதான் இருக்கோம்."

எங்கள் வீட்டிலிருந்துமா எடுத்தீர்கள் என்று விஜிதரன் கேட்டான்.

"மனேஜர் பொஞ்சாதிக்கு மட்டும் கொறையலன்னா மத்தவளுங்க சந்தேகப்படுவாளுங்கல்ல? அதனால மொதல்ல அங்கதான் எடுத்தேன்." அவர் பேனாவை மூடிப் பொக்கெட்டில் செருகிக்கொண்டார். "தொரை வரைக்கும் போகணும்னா போங்க. ரெண்டு மாசத்துத் தாள்லயும் உங்க கையெழுத்துத்தான் இருக்கு. மொத கேள்வி உங்களுக்குத்தான் வரும்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்பது விஜிதரனுக்குத் தெரியும். தோட்டத்தை நிர்வாகம் பண்ணுகிற துரைக்கு உதைபந்தாட்டமும் தெரியாது, லிமிட்டும் தெரியாது. இரண்டு கையெழுத்துகள்தான் தெரியும், ஒன்று கணக்கப்பிள்ளையுடையது, ஒன்று ஸ்டோர்க்காரனுடையது. ஸ்டோர் வேலை போனால் மறுபடி மலையில் மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை முழுவதும் அவன் யாரோடும் பேசவில்லை. லெட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தான். உண்மையில் அவனுக்குள் ஒரு கள்ளமும் ஓடிக்கொண்டிருந்தது. தனுஷனைப் பதிந்துவிட்டு, அதன் பிறகு ஜெயகாந்தனிடம் சொல்லி எடையைச் சரியாகப் போட வைத்தால் என்ன? பையனும் இருப்பான், பெண்களுக்கும் முழுப்பேர் விழும், கப்பும் வரும். இந்தக் கணக்கை அவன் பத்துத் தரம் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தரமும் கூட்டல் சரியாகவே வந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் பதிவு. லீக்கின் செயலாளர் ரிஸ்வி, பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர். கடைக்கு மேல்மாடியில் பெயின்ட் டின்களுக்கு நடுவே மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் முறையில் விஜிதரன் அவரை ரிஸ்வி நானா என்றுதான் கூப்பிடுவான். தனுஷன் அடையாள அட்டைப் பிரதியோடு வாசலில் காத்துக்கொண்டிருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான்.

ரிஸ்வி போர்மைத் திருப்பி மனேஜர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். இந்த வீரனுக்கும் அவன் குடும்பத்துக்கும் மேலே எழுதிய தொகையைத் தவிர வேறு எந்த ஆதாயமும் கொடுக்கப்படவில்லை என்று அதில் அச்சடித்திருந்தது. விஜிதரன் பேனாவைத் திறந்தான். அந்த வரியை மூன்று தரம் வாசித்தான்.

"என்ன தம்பி, எழுத்துப் பிழை ஏதும் ஈக்குதா?" என்று கேட்டார் ரிஸ்வி.

பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று எழுந்து, தனுஷனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரோரம் நிறுத்தி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். எட்டுப் பெண்களை, அரைப்பேரை, பதினொன்று என்று கூப்பிட்ட அந்தப் பாதிச் சாக்கை. கடைசியில் தனுஷன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

முப்பது வருடமாகத் தலையில் சாக்குச் சுமக்கிறவளுக்குப் பாரம் தெரியாமல் இருக்குமா என்பது அந்தப் பையனுக்கும் தெரியும். தனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஓடச் சொன்னதற்கு மேலும் ஓடட்டுமா என்று கேட்ட பையனைப் போய் விஜிதரன் நாலு நாளாகத் திருடனைப் போலத் தோண்டித் துருவியிருக்கிறான். இந்த முழு விவகாரத்திலும் ஒளிவு மறைவு இல்லாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு இனிமே அரைப்பேர்தான் விழும்னா எனக்கு நாப்பது வேணும்ங்கண்ணே" என்றான். மேலே போய், ஒரு மணியிலிருந்து அவனுக்காகவே காத்துக்கொண்டிருந்த டயகம பக்கத்துக் குழுவின் போர்மில் கையெழுத்துப் போட்டான்.

ரிஸ்வியிடமும் விஜிதரன் நடந்ததைச் சொன்னான். நானா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, போர்மில் கையெழுத்து விழவில்லை, அதனால் லீக் சட்டத்தில் குற்றமும் இல்லை, நரிப்பாறைக்குத் தண்டனையும் இல்லை என்றார். கொழுந்து போனதற்கு லீக்கில் சட்டம் எழுதவில்லையே என்று அவரே வருத்தப்பட்டார். குழு தப்பியது. ஸ்ட்ரைக்கர் இல்லை, சுமனும் இல்லை, யாருக்கும் கொடுக்காத பதினாலாயிரம் மட்டும் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது விஜிதரனுக்கு, இத்தனைக்கும் பிறகு, ஒரு சின்னப் பெருமை இருந்தது. கப்பைப் பறிகொடுத்தாலும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. லெட்சுமியிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று எண்ணிக்கொண்டே லயத்துக்கு ஏறினான். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. அவள் வாசலில் விறகைக் காயவைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கணக்கப்பிள்ளை செய்தது, மடுவத்தில் பார்த்தது, தனுஷன் போனது.

லெட்சுமி ஆச்சரியப்படவில்லை. கடைசி விறகையும் அடுக்கி முடித்தாள்.

"எங்க எட்டுப் பேருக்கும் மொத வாரமே தெரியும்" என்றாள்.

பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான்.

"ஒரு தடவ சொன்னேன். கணக்கு சரியாத்தான் இருக்குன்னு சொன்னீங்க. அந்தத் தாள்ல கையெழுத்துப் போடுறது நீங்க. டீமுக்கு ஆள் புடிக்கிறதும் நீங்க." அவள் கையிலிருந்த சிராய்த் தூசியைத் தட்டினாள். "நீங்களும் சேந்துதான் செய்யிறீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு மாதம். அவனுக்குச் சோறு போட்டு, சட்டை துவைத்துக் கொடுத்து, பக்கத்தில் படுத்து எழும்பி, அத்தனை நாளும் தன் கொழுந்தைத் திருடுகிறவன் இவன்தான் என்று எண்ணிக்கொண்டே அவள் இருந்திருக்கிறாள். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவனுக்குத் தன்னையும் ஒருவர் சந்தேகப்படலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே" என்றான்.

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? அப்பறம் நான் எப்படி உங்களோட இருக்குறது?"

அவனுக்கு அழுகை வந்தது. அவன் அதை மறைக்கவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாகத் துரையிடம் போகிறேன், இரண்டு மாதத்துத் தாளையும் எடுத்துக்கொண்டு போகிறேன், வேலை போனாலும் போகட்டும் என்றான். எட்டுப் பேருக்கும் போன பேரைத் திருப்பி வாங்காமல் வரமாட்டேன் என்றான். பேசப் பேச அவனுக்கே அது கொஞ்சம் கூடுதலாகப் பட்டது.

லெட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பத்தொன்பது கிலோ எடுத்துப் பதினேழு என்று கேட்டுப் பழகிய முகம் அது.

"போயிட்டு வாங்க" என்றாள். "வந்தப்பறம் நம்புறேன்."